கோடு பலகையேறும் வழிகள்

சாம்பல்தீவுக் கடற்கரையில் நின்று தெற்கே பார்த்தால் இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கரை. திருக்கோணேச்சரம் இருக்கும் சுவாமிமலை கரையிலிருந்து இடப்பக்கமாகக் கடலுக்குள் நீண்டு நிற்கும். இதை ஒருவர் கண்டபடியே பலகையில் வரைந்து, செதுக்கி, மை உருட்டி, கடதாசியில் ஒற்றி எடுத்தால் மலை வலப்பக்கம் போய்விடும். சாம்பல்தீவில் இருந்து வரைந்தவர் கொட்டியாரக் குடாவைத் தாண்டி மூதூர்க் கரையில் இருந்து வரைந்தவராகிவிடுவார்.

கடற்காட்சியில் இதை யாரும் கவனிக்காமல் விடலாம். சாமி படத்தில் விடமாட்டார்கள். தில்லைக்கூத்தன் தூக்கிய திருவடி இடது. அச்சில் அது வலதாக வந்தால் படம் சிதம்பரத்தை விட்டுக் கால் மாறி ஆடிய மதுரை வெள்ளியம்பலத்துக்குப் போய்விடும். இடம்புரிப் பிள்ளையார் வலம்புரி ஆவார். சேலைத் தலைப்பு வலத்தோளுக்கு ஏறும். எழுத்தைக் கேட்கவே வேண்டாம்: ‘ப’ போல ஓரிரண்டு தப்பும், மற்றவை எல்லாம் முகம் திருப்பிக்கொள்ளும்.

வரைந்த படத்தைப் பலகைக்கு ஏற்றுவது செதுக்கலுக்கு முந்திய சில்லறை வேலை என்று பயிற்சிப் புத்தகங்கள் ஒன்றிரண்டு பக்கத்தில் முடித்துவிடுகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மர அச்சின் வரலாற்றைக் கோடு பலகையேறிய வழியை வைத்தே பிரித்துப் படிக்கலாம். அச்சில் வரும் கோடு ஓவியருடையதா உளி பிடித்தவருடையதா, மூலப்படம் மிஞ்சுமா அழியுமா, பிழை வந்தால் யார் கையில் திருந்தும் என்பதெல்லாம் இந்தப் படியில்தான் முடிவாகின்றன.

மிகப் பழைய வழியே மிகவும் கெட்டிக்காரத்தனமானது. மெல்லிய கடதாசியில் தூரிகையால் எழுதி அல்லது வரைந்து, அதை முகங்குப்புறப் பலகையில் ஒட்டிவிடுவது. படம் தானாகவே இடவலம் மாறிப் பலகையில் உட்காரும். செதுக்கி ஒற்றும்போது மறுபடி மாறி நேராகும். எழுதுபவர் ஒரு எழுத்தைக்கூடத் திருப்பி எழுதப் பழக வேண்டியதில்லை. துன்ஹுவாங் குகையில் கிடைத்து இப்போது லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கும் வச்சிர சூத்திரம் கி.பி. 868இல் மரப்பலகையில் அச்சானது. கொரியாவின் ஹேயின்சா விகாரையில் உள்ள திரிபிடகப் பலகைகள் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, எண்ணிக்கையில் 80,000க்கு மேல். அத்தனை பலகைக்கும் எழுத்தை இடவலம் திருப்பி எழுதியிருந்தால் எத்தனை தலைமுறை வேண்டும்! எழுதிய தாளை ஒட்டிச் செதுக்கியதால்தான் அந்தக் காரியம் ஒப்பேறியது.

இந்த வழியைக் கலையாக வளர்த்தவர்கள் யப்பானியர். அங்கே ஓவியர், செதுக்குபவர், அச்சடிப்பவர் மூவரும் வெவ்வேறு ஆட்கள்; மூவருக்கும் மேலே பணம் போடும் பதிப்பாளர். ஓவியர் கொடுக்கும் இறுதி வரைபடத்துக்கு ஹன்ஷிதா என்று பெயர். காட்டுச் செர்ரிப் பலகையில் மாவுப்பசையை உள்ளங்கையால் ஒரே சீராகத் தேய்த்து, கடதாசியை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டுவார்கள். பசை முக்கால்வாசி காய்ந்ததும் ஈர விரல் நுனியால் கடதாசியின் முதுகை உருட்டி உருட்டித் தேய்ப்பார்கள். நார் நாராக மேற்படலம் கழன்று வரும். கோடு இருக்கும் கடைசிப் படலம் மட்டும் மரத்தோடு ஒட்டி நிற்கும். அதன்மேல் துளி எண்ணெய் தடவினால் மிச்சக் கடதாசியும் கண்ணாடிபோலத் தெளிந்து, கோடு மரத்துக்குள்ளேயே கிடப்பதுபோலத் தெரியும். உளி அந்தக் கோட்டின் இரு கரையிலும் நடக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. வரைந்த படம் செதுக்கலோடு போய்விடும். ஹொக்குசாயின் அச்சுகளை உலகம் அறியும். அந்த அச்சுகளுக்கென்று அவர் வரைந்த மூலங்கள் உளிக்கு இரையாகிவிட்டன. 2020இல் பிரித்தானிய அருங்காட்சியகம் அவருடைய 103 சிறு வரைபடங்களை வாங்கியது. படங்களாலான ஒரு பெரிய கலைக்களஞ்சியத்துக்காக வரைந்தவை அவை. அந்த நூல் அச்சேறவில்லை. ஆகவே படங்கள் பிழைத்தன. அச்சேறாததால் மட்டுமே ஓர் ஓவியரின் கைக்கோடு மிஞ்சும் விசித்திரம் இந்தக் கலைக்கே உரியது.

ஐரோப்பாவில் பெருவழக்கு வேறு. பலகையின் மேல் வெள்ளைப் பூச்சுப் பூசி, அதன்மேல் இறகுப் பேனாவால் நேரடியாக வரைவது. நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் பீட்டர் புரூகலின் அரைகுறைப் பலகை ஒன்று இருக்கிறது. சுமார் 1566இல் அப்பிள் மரத்தில் வரைந்தது. ‘அழுக்கு மணப்பெண்’ என்று அறியப்படும் திருவிழா நாடகக் காட்சி. ஒரு பகுதி செதுக்கப்பட்டிருக்கிறது. மற்றப் பகுதியில் வெள்ளைப் பூச்சும் மைக்கோடும் அப்படியே இருக்கின்றன. ஏனோ வேலை நின்றுபோனது. அதே காட்சி 1570இல் உலோகத் தகட்டின் வழியாக அச்சில் வந்தது. இந்தக் கலையைக் கற்பவர் பார்க்க வேண்டிய ஒரே ஒரு பொருளைச் சொல் என்றால் இந்தப் பலகையைத்தான் சொல்வேன். ஓவியரின் பேனா விட்ட இடமும் செதுக்குபவரின் கத்தி தொட்ட இடமும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. பேனாவுக்கு இயல்பாக இருக்கும் நடுக்கமும் தடிப்பும் கத்தியில் வரும்போது கொஞ்சம் விறைப்பாகிவிடுவதைக் கண்ணால் காணலாம்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் தோமஸ் பெவிக் மரத்தை நீளவாக்கில் அறுத்த பலகையை விட்டு, குறுக்காக அறுத்த பொக்ஸ் மரத்தின் முனைமுகத்தில் செதுக்கினார். அவருடைய பறவை நூலின் முதற்பகுதி 1797இல் வந்தது. சிறு படத்தைக் கடதாசியில் வரைந்து, அதன் முதுகில் பென்சிற் கரி பூசி, கட்டையின்மேல் மடித்துப் பிடித்து, மொட்டை ஊசியால் கோட்டின்மேல் ஓட்டி அடையாளம் எடுப்பார். அடையாளம் மட்டுந்தான், இறகின் மென்மை முழுவதும் உளியிலேயே பிறந்தது. வரைபவரும் செதுக்குபவரும் ஒருவராக இருந்தால் பலகையேறும் கோடு முழுமையாக இருக்க வேண்டியதில்லை. பெவிக்கின் வரைபடத்தையும் அச்சையும் ஒப்பிட்டால் அச்சில்தான் அதிகம் இருக்கும்.

அவருக்குப் பின் வந்த சித்திரப் பத்திரிகைகள் இந்த ஒருமையை உடைத்தன. 1842இல் தொடங்கிய இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் போன்றவற்றில், எங்கோ வரைந்த படத்தைப் பலகையில் மீண்டும் வரைவதற்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள். பொக்ஸ் மரம் பருக்காது. ஆகவே சிறு கட்டைகளைத் திருகாணியால் பூட்டிப் பெரிய பலகையாக்கி, படத்தை அதன்மேல் வரைந்து, பிறகு கழற்றி ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்து ஒரே இரவில் செதுக்குவித்தார்கள். பழைய படங்களை உற்றுப் பார்த்தால் வானத்தின் நடுவே மெல்லிய வெள்ளைக்கோடு தெரியும். பூட்டிய மூட்டு அது.

இலங்கையின் உருவம் லண்டன் வாசகருக்குப் போனதும் இந்த வழியில்தான். பெல்பாஸ்ட் ஓவியர் அன்ட்ரூ நிக்கொல் 1846இல் கொழும்புக்கு வந்து, கொழும்பு அக்கடமியில் சித்திரம் கற்பித்தார். எமர்சன் ரெனன்ட் 1859இல் வெளியிட்ட ‘சிலோன்’ நூலின் படங்களுக்கு அவருடைய ஓவியங்கள் பயன்பட்டன. நீர்வண்ணத்தில் அவர் கரைய விட்ட வானமும் காடும் லண்டன் பட்டறையில் கருங்கோடுகளாக மாறின. நாம் பழைய இலங்கை என்று சட்டம் போட்டு மாட்டிவைக்கும் படங்கள் பலவற்றில் இலங்கையைக் கண்டது ஒரு கண், கோட்டைப் போட்டது இலங்கையையே காணாத இன்னொரு கை.

இடவலம் மாறினால் உயிருக்கே ஆபத்து என்ற துறையும் உண்டு. 1858இல் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூலில் 363 படங்கள். வரைந்தவர் ஹென்றி வன்டைக் கார்ட்டர் என்ற மருத்துவர். கடதாசியில் வரைந்து பிறரிடம் கொடுக்காமல், மரக்கட்டையின்மேல் தாமே இடவலம் மாற்றி வரைந்தார். நரம்பு, நாளங்களின் பெயர்களையும் அவற்றின் மேலேயே எழுதும் பாணி அவருடையது. ஈரல் இடப்பக்கம் போனால் என்ன ஆகும் என்று மருத்துவருக்குச் சொல்லித் தர வேண்டுமா? நூல் வெளிவரும் முன்பே அவர் பம்பாய்க்குப் புறப்பட்டுவிட்டார். அங்கே கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். அதே காலத்தில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்து உடற்கூற்று நூல்களைத் தமிழில் வெளியிட்டுக்கொண்டிருந்தார். தமிழில் படத்தோடு அறிவியல் கற்ற முதல் தலைமுறை யாழ்ப்பாணத்தில் உருவானதற்குப் பின்னால், எங்கோ ஒரு கட்டையில் ஈரலைச் சரியான பக்கத்தில் வைத்த ஒரு கையின் கவனமும் இருக்கிறது.

1860களில் கட்டையின்மேல் நேரடியாக ஒளிப்படம் எடுக்கும் முறை வந்தது. ஓவியரின் தாள் பிழைத்தது. அதைப் பலகையில் மறுபடி வரைந்தவர்களின் பிழைப்புப் போனது. சில பத்தாண்டுகளில் ஒளிப்பட உலோக அச்சு வந்து செதுக்குபவர்களையும் அனுப்பிவைத்தது.

சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளியில் மரச்செதுக்கு ஒரு பாடம். பொக்ஸ் மரம் கப்பலில் வர வேண்டும் என்பதால் உள்ளூர் மரங்களைத் தேடும் வேலையும் அக்காலத்தில் நடந்தது. பள்ளிக்கூட வழி அது. பஜார் வழி வேறு. ‘பெரிய எழுத்து’க் கதைப் புத்தகங்களின் அட்டையிலும் உள்ளேயும் வந்த மரக்கட்டைப் படங்களைத் தமிழ் நாட்டுப்புறமே அறியும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் இன்றும் பார்க்கலாம். தடித்த கோடு, நிழல் குறைவு, முகம் ஒருபக்கம். இவற்றை ‘நயமற்றவை’ என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆயிரக்கணக்கில் ஒற்றி, தேய்ந்து, மறுபடி வேறு கதைக்கும் ஒற்ற வேண்டிய கட்டைக்கு மெல்லிய கோடு தாங்காது. பலகையேற்றும்போதே தேய்மானத்துக்கும் சேர்த்து வரைந்தவர்கள் அவர்கள்.

துணி அச்சுக்காரர்களின் வழியையும் இங்கே சேர்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் உயிரோடிருக்கும் மரபு அதுதான். குஜராத்தில் காந்திநகருக்கு அருகே பேத்தாப்பூர் என்னும் ஊர் அச்சுக்கட்டை செதுக்குவதற்கே பேர்போனது. தேக்குக் கட்டையின் முகத்தை மட்டமாக்கி, வெள்ளை பூசி, தாளிலிருக்கும் வடிவத்தை அதன்மேல் இறக்குவார்கள். ஒரு பூவுக்கு ஒரே கட்டை போதாது: கோட்டுக்கு ரேக், பின்னணிக்கு கத், நிரப்புக்கு தத்தா என்று தனித்தனிக் கட்டை. மூன்றிலும் ஒரே வடிவம் மயிரிழை பிசகாமல் ஏற வேண்டும். ஆந்திராவில் மசூலிப்பட்டினத்துக்குப் பக்கத்துப் பெடனாவில் கலம்காரித் துணிக்கும் இப்படியே. இன்னொரு உறவும் உண்டு: எம்பிராய்டரிக் கடையில் தாளின் கோட்டில் ஊசியால் வரிசையாகக் குத்தி, மண்ணெண்ணெயில் குழைத்த தூளைத் துணிப்பந்தால் தேய்த்துச் சேலையில் வடிவத்தை இறக்குவார்களே, அது மரத்துக்கும் பொருந்தும். திரும்பத் திரும்ப அதே வடிவத்தை ஏற்ற வேண்டியவருக்கு அதைவிட மலிவான வழி இல்லை. தாளை மறுபக்கம் திருப்பிப் போட்டால் இடவலமும் மாறிவிடும்.

இப்போதைய வழக்கங்களுக்கு வருவோம். 4பி, 6பி போன்ற மென்பென்சிலால் தாளில் வரைந்து, முகங்குப்புறப் பலகையில் வைத்து, கரண்டியின் முதுகால் தேய்ப்பது முதல் வழி. கோடு மங்கலாகத்தான் இறங்கும். ஆனால் தானே திரும்பும், செலவில்லை, தாளும் மிஞ்சும். தேய்க்கும்போது தாள் நகராமல் ஒரு விளிம்பை நாடாவால் ஒட்டிவிட வேண்டும். மறு விளிம்பைத் தூக்கி, இறங்காத இடத்தைப் பார்த்து மறுபடி தேய்க்கலாம்.

கார்பன் தாள் எல்லாருக்கும் தெரிந்தது, ஆகவே எல்லாரும் தவறுவதும் அதில்தான். முதலில், அது கோட்டைத் திருப்பாது. ட்ரேசிங் தாளைப் புரட்டிப் போட மறந்தால் போச்சு. இரண்டாவது, கார்பன் தாளில் மெழுகும் சாயமும் உண்டு. நீரில் கரைத்த மை அந்தக் கோட்டில் பிடிக்காமல் விலகும். வெளிர் நிறத்தில் ஒற்றும்போது முதற்பிரதிகளில் நீலம் கசியும். செதுக்கும் முன் அரக்கு வார்னிஷை மெல்லியதாக ஒருதரம் பூசிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

மூன்றாவது, இளையவர்கள் விரும்பும் போட்டோக்கொப்பி வழி. கொப்பி மையும் லேசர் பிரிண்டர் மையும் பிளாஸ்டிக் கலந்த தூள். கொப்பியைக் கவிழ்த்து அசிற்றோனில் நனைத்த துணியால் ஒற்றி அழுத்தினால் தூள் இளகி மரத்தில் ஒட்டும். சூடான ஸ்திரிக்கைப் பெட்டியும் அதே வேலையைச் செய்யும். இங்க்ஜெற் பிரிண்டரின் மைக்கு இது பலிக்காது. அது வேறு மை. மயிர்க்கோடுகூட அப்படியே இறங்குகிறது என்பது பெருமை. எனக்கு அதுவே குறையாகத் தெரிகிறது. உளியால் தாங்க முடியாத கோட்டையெல்லாம் மரத்தில் ஏற்றிவைத்தால், செதுக்குபவர் அதற்கு அடிமையாகி மணிக்கணக்கில் கோட்டைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார். அசிற்றோன் எளிதில் தீப்பிடிப்பது. கண நேரத்தில் ஆவியாவது. சன்னல் சாத்திய வகுப்பறைக்குப் பிள்ளைகளோடு அதைக் கொண்டுபோகக் கூடாது. மாற்றாக வின்டர்கிறீன் எண்ணெயைச் சொல்வார்கள். மெதுவாக வேலை செய்யும், நோவெண்ணெய் மணம் அறை முழுக்க நிற்கும், வாயில் பட்டால் நஞ்சு. அக்ரிலிக் பசையால் ஏற்றுவோரும் உண்டு. பலகைமேல் பிளாஸ்டிக் தோல் ஒன்று படியும். உளி பட்ட இடத்தில் அது ஓரம் ஓரமாகப் பிய்ந்து வருவதைப் பார்த்தவர் மறுபடி அந்தப் பக்கம் போகமாட்டார்.

பல நிற அச்சில் கேள்வி இன்னும் கடினமாகும். கோட்டுப் பலகையை முதலில் செதுக்கி, அதிலிருந்து எடுத்த அச்சை ஈரம் காயுமுன் மற்றப் பலகைகளில் ஒற்றுவதே வழமை. கடதாசி ஈரத்தில் விரியும். விரிந்த அளவுக்கு நிறம் கோட்டை விட்டு வெளியே போகும். ஆகவே விரியாத ஓ.எச்.பி. தாளில் ஒற்றி அங்கிருந்து பலகைக்கு மாற்றுவது நல்லது. யப்பானியர் பலகையின் மூலையிலேயே கென்டோ என்ற வெட்டடையாளத்தைச் செதுக்கிவிடுவார்கள். கடதாசி ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து முட்டி நிற்கும்.

இவற்றில் எதை எங்கள் ஊரில் எடுப்பது? முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும். திருகோணமலையின் பெயரையே உலகச் சந்தையில் தாங்கிய மரம் ஒன்று உண்டு: சவண்டலை, சிங்களத்தில் ஹல்மில்ல, ஆங்கிலேயர் ‘திருகோணமலை மரம்’ என்றே சொன்னது. சென்னைக் கடற்கரையின் மசூலாப் படகுகளுக்கு அது இங்கிருந்து போனது. வலிமைக்கும் வளைந்து கொடுப்பதற்கும் பேர்போனது. ஆனால் அச்சுப்பலகைக்கு வேண்டியது சீரான நுண்ணிழை. முதிரை மஞ்சளாக மினுங்கும், கோடு நன்றாகத் தெரியும். இழை பின்னிக் கிடப்பதால் உளி ஒருபக்கம் வழுக்கி மறுபக்கம் பிய்க்கும். பாலையும் கருங்காலியும் கையைக் கொல்லும், கருங்காலியில் பென்சில் தெரியவும் மாட்டாது. மஞ்சள் கடம்பு கிடைத்தால் விடாதீர்கள்: நிறம் வெளிறு, இழை நெருக்கம். தச்சுப் பட்டறையில் எறியும் துண்டுகளே சிறு படத்துக்குப் போதும். பள்ளிக்கூடத்துக்கு ஒட்டுப்பலகை அல்லது லினோலியம். நந்தலால் போஸ் 1930இல் காந்தியடிகளின் தண்டி நடையை லினோலியத்தில்தான் செதுக்கினார். ஏழைப் பொருள் என்று அதை ஒதுக்க வேண்டாம்.

அடுத்தது காற்று. மாவுப்பசை ஒட்டு முறைக்குப் பருவம் பார்க்க வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் பசை கடதாசியை நீவி முடிக்குமுன் காய்ந்துவிடும். நடுவில் குமிழி நிற்கும், குமிழி உள்ள இடத்தில் கோடு உளியோடு கழன்று வரும். வாடை மழையில் எதிர்த் தொல்லை: ஒருபக்கம் மட்டும் ஈரம் குடித்த பலகை கிண்ணம்போல வளையும். பின்பக்கத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் வளைவு அடங்கும். கடதாசிக்கு ஊரெல்லாம் தேட வேண்டாம். பட்டம் கட்டும் வெள்ளைத் திசுத்தாள் போதும். மை மட்டும் நீரில் கரையாததாக இருக்க வேண்டும். தெளிவாக்க ஓரிரு சொட்டுத் தேங்காயெண்ணெய்.

என் தீர்ப்பு இது. எழுத்து உள்ள படம் என்றால் ஒட்டு முறைக்கு நிகர் இல்லை. தமிழ் எழுத்தைத் திருப்பி வரைந்து சரிகட்டப் பார்ப்பது வீண் வேலை. எழுத்தில்லாத படத்துக்கு மென்பென்சில் தேய்ப்பு. கோடு மங்கலாக இறங்கினால் பலகைமேலேயே தூரிகையும் மையும் கொண்டு மறுபடி வரையலாம். அந்த இடத்தில்தான் படம் கடதாசியை மறந்து மரத்துக்குரியதாகிறது. ஏற்றும் முன் பலகைக்கு நீர்த்த மையால் இளஞ்சாம்பல் நிறம் கொடுத்துவிட்டால், செதுக்கிய இடம் வெள்ளையாகவும் மிச்சம் இருண்டும் தெரியும். அச்சு எப்படி வரும் என்பது உளி ஓடும்போதே கண்ணுக்குப் படும். கொப்பியும் அசிற்றோனும் அளவுபிசகக் கூடாத வரைபடங்களுக்கு மட்டும், அதுவும் வெளி விறாந்தையில்.

சித்திர ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒட்டும் முன் பிள்ளையின் மூலப்படத்தைக் கைத்தொலைபேசியிலாவது ஒரு படம் எடுத்து வையுங்கள். செதுக்கி முடித்த பலகையையும் விறகுக்குப் போடாமல், பின்பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதி அலுமாரியில் வையுங்கள்.